மோட்டார் சத்தத்தில் நின்றுபோன சீனக் கதை

"…துணி நனைஞ்சா கனக்கும், கனத்தா படகு ஏற முடியாது, நீதானக்கா சொன்னே. அதான் நான் இன்னா முடிவு பண்ணிக்கீறேன்னா, இன்னிக்கே எல்லாத்தையும் அழிச்சுட்றது. அது போய்ச் சேரட்டும்."

கொரட்டூர் ஏரிக்கரையில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து அவர் இதைச் சொன்னபோது காலை எட்டரை மணி இருக்கும். உள்ளங்கையில் கைப்பேசி. இறந்துபோன மனைவி அவருக்கு அனுப்பிய குரல் செய்திகள் திரையில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுத் தேர்ந்தெடுத்திருந்தார். எல்லாவற்றின் மேலும் நீலப் பட்டை படர்ந்திருந்தது. திரையின் மேல் ஓரத்தில் குப்பைத்தொட்டிப் படம். அதற்கு ஓர் அங்குலம் மேலே அவருடைய கட்டைவிரல் நின்றுகொண்டிருந்தது.

அந்த விரல் அங்கே வந்து நின்றதற்குக் காரணம் நான். எப்படி என்று சொல்லிவிடுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். மெஷினிலிருந்து வந்து விழும் மூடிகளையும் டப்பாக்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பழுதானதைத் தனியே போடுவது என் வேலை. அவர் அதே கம்பெனியில் டை செட்டர். மெஷினுக்குள் இரும்பு அச்சை ஏற்றி இறக்குகிறவர். என்னைவிட ஆறேழு வயது இளையவர். திருமுல்லைவாயில் பழைய ஊர்க்காரர். அவருடைய அப்பா காலத்தில் நெல் விளைந்த இடத்தில்தான் இப்போது நான் குடியிருக்கும் ஃப்ளாட் நிற்கிறது. "எங்க வயல்ல குந்திகினு எங்களுக்கே கத சொல்றியாக்கா" என்று கேலி பண்ணுவார். யாராவது இப்படி வாய்க்கு வந்ததைச் சொன்னால் நோட்டில் எழுதிவைத்துக்கொள்வது என் பழக்கம். அவருடைய பேச்சுக்கு மட்டும் நாலைந்து பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.

கம்பெனிக்குச் சீனாவிலிருந்து மெஷின்கள் வந்த வருஷம் எனக்கு நாற்பது வயது. பொத்தான்கள் மேல் எல்லாம் சீன எழுத்து. சிவப்பு விளக்கு எரிந்து மெஷின் நின்றுவிட்டால் எதை அழுத்துவது என்று ஒருவருக்கும் தெரியாது. நான் எழுத்துகளைப் பார்த்து வரைந்துகொண்டு, மெஷின் என்ன செய்கிறது என்று கவனித்து, பக்கத்தில் தமிழில் எழுதிவைத்தேன். கதவு, சூடு, எண்ணெய். நான் முதலில் படித்த சீனச் சொல் 'நில்'. மெஷினைப் பொருத்திக்கொடுக்க வந்த சீன டெக்னீஷியன் மூன்று மாதம் இங்கே இருந்தார். என் நோட்டைப் பார்த்து அவருக்கு ஆச்சரியம். சாப்பாட்டு நேரத்தில் அட்டைப்பெட்டியின் மேல் எழுதிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஊருக்குத் திரும்பும்போது பழங்கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் பொடி எழுத்தில் விளக்கம் போட்ட புத்தகம். அதற்கப்புறம் கம்பெனியில் எல்லோருக்கும் நான் சைனாக்கா ஆகிவிட்டேன். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு கதையை முடிக்க முதலில் எட்டு மாதம் ஆனது. இப்போது எட்டு நாள் ஆகிறது.

பள்ளிக்கூடத்தில் பத்தாவதோடு நின்றவள் சொல்கிறேன், பிழை இருக்கலாம். அந்தப் புத்தகத்திலிருந்தும் பிற்பாடு தேடிப் படித்தவற்றிலிருந்தும் நான் புரிந்துகொண்டது இது. மிகப் பழைய சீனப் பாட்டுகளில் ஆசை என்பது வெயில், மழை மாதிரி. வருகிறது, வாட்டுகிறது, யாரும் அதற்காக வெட்கப்படுவதில்லை. ஒழுக்கம் சொல்ல வந்தவர்கள் அதற்குக் கரை கட்டினார்கள். ஓடட்டும், ஆனால் கரைக்குள் ஓடட்டும் என்றார்கள். பிறகு நம் பக்கத்திலிருந்து பௌத்தம் போய்ச் சேர்ந்தது. அது கரையைப் பற்றிப் பேசவில்லை. தண்ணீரே கானல் என்றது. நீ உருகுகிற முகம் கண்ணாடியில் தெரிகிற பூ, இந்தப் பிறவியில் ஒருத்தியிடம் நீ மயங்குவது போன பிறவியில் அறுக்காமல் விட்ட கயிறு, அறுக்காவிட்டால் அவளுக்கும் விடுதலை இல்லை, உனக்கும் இல்லை என்றது.

கதை எழுதுகிறவர்கள் பாடுதான் திண்டாட்டமாகிப் போனது. அவர்களுக்கு ஏக்கத்தை எழுத வேண்டும். அது மாயை என்றும் சொல்ல வேண்டும். அதனால் முக்கால் புத்தகம் கூந்தலும் கைவளையும் பிரிவுமாக எழுதித் தள்ளிவிட்டு, கடைசிப் பக்கத்தில் ஒரு துறவியை வரவழைத்து நாயகனுக்கு மொட்டை அடித்துவிடுவார்கள். பற்றையெல்லாம் விட்டுவிட்டேன், அதைப் பற்றிப் பாடுகிற பற்றை மட்டும் விட முடியவில்லை என்று வெட்கத்தோடு ஒப்புக்கொண்ட கவிஞர்களும் உண்டு. இதற்கெல்லாம் பின்னால் இன்னொரு வகை ஆட்கள் வந்தார்கள். நேசிக்கத் தெரியாதவன் எதைத் துறப்பான் என்று கேட்டவர்கள். ஆசையைச் சுற்றிக்கொண்டு போக வழியில்லை, அதன் நடுவாக நடந்துதான் அக்கரை போக வேண்டும் என்றவர்கள். எனக்குப் பிடித்தவர்கள் இவர்கள்தான்.

கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றபின் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் ஃப்ளாட்டின் கீழே, வண்டி நிறுத்துமிடத்தில் கதை சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு பைக்கை நகர்த்திவிட்டால் பதினைந்து நாற்காலி போடலாம். ஐந்தரைக்குத் தொடங்குவேன். ஆறரைக்கு வாட்ச்மேன் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடுவார். போட்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. ஆகவே கதை எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். மீதி அடுத்த ஞாயிறு. வழக்கமாக வருகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். சொல்லப்போனால், மோட்டார் எந்த இடத்தில் கதையை அறுக்கும் என்று பந்தயம் கட்டுகிற அளவுக்குப் பழகிவிட்டது. நானும் ஆறு இருபத்தைந்து ஆனதும் கதையைத் திருப்பத்தை நோக்கி ஓட்டிக்கொண்டுபோய் அங்கே நிறுத்துவேன். அப்போதுதான் அடுத்த வாரம் வருவார்கள் என்ற சின்னப் பேராசை.

அவருடைய மனைவி போன வருஷம் கார்த்திகை மாதத்தில் இறந்துபோனார். மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள், இரண்டே நாள். அதற்குப் பிறகு அவர் யாரோடும் கேலி பேசுவதில்லை. கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம், "ஒரு ஞாயித்துக்கெழம வாப்பா, நாலு மனுஷங்களோட உக்காரு" என்று நான்தான் கூப்பிட்டேன். வருஷம் திரும்புகிற சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கடைசி வரிசையில்கூட உட்காரவில்லை. தூணில் சாய்ந்து நின்றார். அவருக்கு அது முதல் ஞாயிறு.

அன்றைக்கு நான் எடுத்திருந்த கதை இது. ஆற்றோர ஊர் ஒன்றில் ஒரு குமாஸ்தா. மனைவி இறந்துபோகிறாள். அவன் ஓயாமல் அழுகிறான். ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் படகுத்துறையில் அவளைப் பார்க்கிறான். இறந்தவர்களை அக்கரை சேர்க்கும் படகு வருகிறது, போகிறது. அவள் மட்டும் ஏறாமல் நிற்கிறாள். அந்த வழியாக வந்த துறவி ஒருவர் சொல்கிறார்: நீ விடும் கண்ணீரெல்லாம் அவள் துணியின் ஓரத்தில் போய்ச் சேருகிறது, துணி நனைந்து கனக்கிறது, அந்தக் கனத்தோடு அவளால் காலைத் தூக்கிப் படகில் வைக்க முடியவில்லை. குமாஸ்தா அன்றே அழுகையை நிறுத்துகிறான். அவளுடைய உடைகளை எரிக்கிறான். அவள் கையெழுத்து இருந்த தாளையெல்லாம் எரிக்கிறான். தலையை மழித்துக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறான்.

இந்த இடத்தில் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து மூன்றாம் மாடியில் இருக்கும் ஓர் அம்மா, "அதென்னங்க, இந்தச் சீனாக்காரய்ங்க புத்திக்குப் பட்டதும் மொட்டையப் போட்டுட்டுக் கிளம்பிர்றாய்ங்க. வீட்டுல அரிசி களையிறது யாரு?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வாட்ச்மேன் மோட்டாரைப் போட்டுவிட்டார். மீதி அடுத்த வாரம் என்று நான் கையைக் காட்டினேன். தூணருகே நின்றவர் அதற்குள் திரும்பி நடந்துகொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு மழை. வண்டி நிறுத்துமிடத்தில் முழங்கால் தண்ணீர். அதற்கடுத்த ஞாயிறு தண்ணீர் வடிந்திருந்தது, சேறு வடியவில்லை. கதை அப்படியே மலைமேல் நின்றது.

அதற்கு மறுநாள், திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு அவருடைய மகள் கூப்பிட்டாள். கல்யாணமாகி ஆவடியில் இருக்கிற பெண். அப்பாவுக்குத் துணையாக ஒரு மாதமாக இங்கே வந்து தங்கியிருந்தாள்.

"அத்தை, அப்பாக்கு நீங்க இன்னா கத சொன்னீங்க?"

"ஏம்மா?"

"அம்மா பொடவ எல்லாத்தையும் சித்திகிட்ட குடுத்துட்டாரு. சரி, பாத்தா மனசு கஷ்டப்படுதுன்னு வுட்டுட்டேன். அப்புறம் போட்டோவ எடுத்துப் பீரோ மேல கவுத்து வெச்சாரு. அதுக்கும் ஒண்ணும் கேக்கல. இப்பப் பாருங்க, வாய்ஸையும் அழிச்சுட்டு வரேன், தெவசத்துக்குள்ள உங்கம்மா படகு ஏறணும்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாரு. எந்தப் படகு அத்தை?"

நான் பால் அடுப்பை அணைத்தேன். அவளே தொடர்ந்தாள்.

"அந்த வாய்ஸ் அப்பா போன்ல மட்டுந்தான் கீது அத்தை. அம்மா போனு, அம்மாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு ஓடுறப்ப வுழுந்து நொறுங்கிப் பூச்சு. என்கிட்ட அம்மா போன்லயே பேசிடும், வாய்ஸ்லாம் போட்டதே இல்ல. அது போச்சுன்னா அம்மா கொரலு எங்கயுமே இல்ல."

குரல் செய்திகளின் கதை எனக்குத் தெரியும். கம்பெனிக்குள் மெஷின் இரைச்சலில் போன் பேசினால் ஒன்றும் கேட்காது. அதனால் அவர் மனைவி பேசிப் பதிவு செய்து அனுப்பிவிடுவார். எழுத அந்தம்மாவுக்கு அவ்வளவாக வராது. டீ நேரத்தில் இவர் வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று காதில் வைத்துக் கேட்பார். காஸ் சிலிண்டர் வந்துவிட்டது, பக்கத்து வீட்டுப் பூனை பாலைக் குடித்துவிட்டது, வரும்போது கொத்தமல்லி. கேட்டு முடித்ததும் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாகத் தட்டிவிடுவார், அவ்வளவுதான். ஒரு தடவை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டார் போலிருக்கிறது, நான் பக்கத்தில் இருந்தேன். "ஒரு நாளாச்சும் வாயத் தொறந்து பதில் சொல்லுய்யா. எப்பப் பாரு கட்ட வெரலயே காட்டிக்கினு கீற, நான் இன்னா லிப்ட் கேட்டுகினா நிக்கிறேன்" என்று மனைவி அதட்டியது ஊருக்கே கேட்டது. அது என் நோட்டில் இருக்கிறது. எழுத்தாக இருக்கிறது, குரல் அவர் கையில்தான் இருந்தது.

"எங்க போனாரும்மா?"

"கொரட்டூர் ஏரிக்குத்தான் இருக்கும். அம்மாவோட அங்கதான் போய்க் குந்துவாரு. நான் வர்லாம்னா பாப்பாக்கு ஜுரம். நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. நீங்க சொல்லித்தானே இதெல்லாம் பண்றாரு."

கடைசி வாக்கியத்தை அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவருக்குக் கூப்பிட்டேன். மணி முழுக்க அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாம் தடவை கூப்பிடப் போனபோதுதான் ஒன்று உறைத்தது. என் அழைப்பு எழும்புவது அதே திரையில். அதைத் தள்ளிவிட அவர் விரலை வைத்து, விரல் வேறெங்காவது பட்டுவிட்டால்? போனைப் பைக்குள் போட்டுவிட்டு, காலில் அகப்பட்ட செருப்பைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். பாதி வழியில்தான் இரண்டும் வேறு வேறு ஜோடி என்று தெரிந்தது.

சென்ட்ரல் போகும் வண்டியில் ஏறினேன். பெண்கள் பெட்டியில் இடம் இருந்தது. உட்கார முடியவில்லை, கதவோரம் நின்றேன். கீரைக் கட்டோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எடம் கீதே, இன்னாத்துக்கு நின்னுகினே வர? நீ நின்னா வண்டி சீக்கிரம் பூடுமா?" என்றார். வேறு நாளாக இருந்தால் அந்த நிமிஷமே நோட்டை எடுத்திருப்பேன். அன்றைக்குத் தலையாட்டிவிட்டு நின்றுகொண்டே இருந்தேன்.

அம்பத்தூர் போனது. பட்டரவாக்கம் போனது. அதைத் தாண்டிச் சிக்னலுக்காக வண்டி நின்றது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். ஜன்னலுக்கு வெளியே தண்டவாளத்தை ஒட்டித் தேங்கிய மழைத்தண்ணீரில் ஒரு செருப்பு மிதந்தது. வேண்டாத நினைப்பெல்லாம் வந்தது. ஒரு செய்தியை அழிக்க ஒரு நொடி. எல்லாவற்றையும் அழிக்கவும் அதே நொடிதான். அகராதியைத் தூக்கிக்கொண்டு, ஆயிரம் வருஷத்துக்கு முந்தின துக்கத்தைத் தமிழில் சொல்லிக் கைதட்டு வாங்கப் புறப்பட்ட எனக்கு, எதிரே நிற்பவனின் துக்கம் நேற்றையது என்று தோன்றவில்லையே. எத்தனையோ வருஷம் பழுதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியவள். பாதிக் கதையைப் பழுது என்று பொறுக்கத் தெரியவில்லையே.

இன்னொரு நடுக்கமும் இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது. கதையின் இரண்டாம் பாதி என்னிடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தின் கீழே, பொடி எழுத்தில், இந்தப் பகுதி பழைய பிரதிகளில் இல்லை, பின்னால் வந்த யாரோ எழுதிச் சேர்த்தது என்று விளக்கம் போட்டிருக்கிறது. குமாஸ்தா மொட்டை அடித்துக்கொண்டு மலைக்குப் போவதோடு முடிவதுதான் மூலக்கதை. அப்படியானால் அவர் கேட்டுக்கொண்டு போனது பாதிக் கதை இல்லை, முழுக் கதை என்றுகூட ஒருவர் வாதாடலாம். இதை அவரிடம் சொல்வதா, விடுவதா? சொன்னால் விரல் இறங்கிவிடலாம். சொல்லாவிட்டால் இன்னொரு தடவை அவரைப் பாதியோடு அனுப்புகிறேன் என்று ஆகாதா?

வண்டி நகர்ந்தது.

ஏரி நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. நடைப்பயிற்சிக்காரர்கள் கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. மூன்றாவது பெஞ்சில் அவர் முதுகு தெரிந்தது. நான் மூச்சிரைக்கப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், தானே விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். அவர் பேசி முடித்ததைத்தான் தொடக்கத்தில் எழுதியிருக்கிறேன். அது போய்ச் சேரட்டும் என்று சொன்ன கையோடு விரல் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

"கத முடியலப்பா," என்றேன்.

"இன்னாது?"

"அன்னிக்குச் சொன்னது பாதிதான். மோட்டார் போட்டுட்டாங்க. எங்க வழக்கம் அது, மீதிய அடுத்த வாரம் சொல்லுவேன். உனக்கு அது மொத ஞாயிறு, தெரியல. நான் உன்கிட்டச் சொல்லியிருக்கணும்."

அவர் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். கண் சிவந்து, ஆனால் காய்ந்து இருந்தது.

"மொட்ட போட்டுகினு மலைக்குப் பூட்டான். அதுக்கு மேல இன்னாக்கா கீது கத? மொட்டையில முடி மொளைக்கிறதா?"

"அதுக்கு மேலதான் கீது. கேளு. கேட்டுட்டு அப்புறம் உன் இஷ்டம்."

"நான் பாஞ்சு நாளா அழல, தெரியுமா? பல்ல கட்ச்சிகினு கீறேன். நீ இப்ப வந்து பாதின்ற."

"பாதிதான். தப்பு என்னுது."

விரலைத் திரைக்கு மேலேயே வைத்துக்கொண்டு, "சொல்லு," என்றார்.

சொன்னேன். கதை சொல்கிற மாதிரியே இல்லை. குமாஸ்தா மலையில் பத்து வருஷம் இருக்கிறான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கூட இருக்கும் துறவிகளெல்லாம் அவனைப் பார்த்து வியக்கிறார்கள். அவனுக்கே கொஞ்சம் பெருமை. ஒரு நாள் அரிசி வாங்கிவர அவனைக் கீழே அனுப்புகிறார்கள். படகுத்துறை வழியாக வருகிறான். பொழுது சாய்கிறது. அங்கே அவள் இன்னும் நிற்கிறாள். அவனுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. நான்தான் அழவே இல்லையே, துணி இன்னுமா ஈரம் என்று கேட்கிறான். துணி எப்பவோ காய்ந்துவிட்டது என்கிறாள் அவள். பிறகு ஏன் நிற்கிறாய் என்கிறான். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாய், நான் போவதை நீ பார்க்கவே இல்லை, பார்க்க ஆள் இல்லாமல் எப்படிப் போவது என்கிறாள். அவன் அரிசிப் பையைக் கீழே வைக்கிறான். பத்து வருஷத்து அழுகையையும் அழுகிறான், அவளைப் பார்த்துக்கொண்டே. அவள் படகில் ஏறுகிறாள். படகு சின்னதாகி மறையும்வரை பார்க்கிறான். மொட்டை அடித்த அன்றைக்கு வராத தெளிவு அவனுக்கு அப்போதுதான் வந்தது என்று கதை முடிகிறது.

ஏரியில் நீர்க்காகம் ஒன்று முங்கி, எங்கேயோ தள்ளி எழுந்தது. அவர் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார்.

"புள்ள போன் பண்ணுச்சா?"

"பண்ணிச்சு."

"அதான் டிரெய்ன்ல வரப்பவே கட்டிகினு வந்தியா இந்தக் கதைய? செருப்பப் பாரு, ஒண்ணு ஒரு கலரு, இன்னொண்ணு ஒரு கலரு."

"கட்டல. புஸ்தகத்துல கீது."

"சத்தியமா?"

இந்தக் கேள்வி வரும் என்று வழியெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. சத்தியமாக என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. ஆனால் அவர் என் ஒரு பேச்சை நம்பிப் புடவைகளைக் கொடுத்து, படத்தைக் கவிழ்த்து வைத்தவர். அவரிடம் மறுபடியும் ஒரு பாதியை மறைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"புஸ்தகத்துல கீது. ஆனா மொதல்ல எழுதினவரு எழுதினது இல்ல. அவரு மொட்டையோட நிறுத்திட்டாரு. இந்த ரெண்டாவது பாதிய ரொம்பக் காலம் கழிச்சு யாரோ சேத்திருக்காங்க. கீழ அப்படித்தான் போட்டிருக்கு."

அவருடைய விரல் திரையைத் தொட்டதா, தொடவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சேத்தது யாரு?"

"தெரியாது. பேரு இல்ல."

"சாமியாரா?"

"அதுவும் தெரியாது."

அவர் மூக்கை உறிஞ்சினார். "அவனுக்கும் யாரோ போயிருக்கணும்க்கா. இல்லன்னா அந்தம்மா அங்கியே நின்னுகினு இருக்கும்னு அவனுக்கு எப்டித் தெரியும்?"

நான் பதினேழு வருஷமாக அந்தக் கதையைப் படிக்கிறேன். பொடி எழுத்து விளக்கங்களையும் ஒன்று விடாமல் படித்திருக்கிறேன். இதை ஒருவரும் சொல்லவில்லை.

"அப்ப அழுதா கனக்காதா?" என்று கேட்டார்.

"கனக்கும்னு மொத ஆளு சொல்றாரு. பாக்காம இருந்தாத்தான் போக மாட்டாங்கன்னு ரெண்டாவது ஆளு சொல்றாரு. நான் ரெண்டு பேரையும் படிச்சேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாதுப்பா."

அவர் கைப்பேசியைக் குனிந்து பார்த்தார். கட்டைவிரல் நகர்ந்தது. விரல் குப்பைத்தொட்டிப் படத்தைக் கடந்து இடது மூலைக்குப் போய், அங்கே இருந்த அம்புக்குறியைத் தொட்டது. நீலப் பட்டைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் மறைந்தன, செய்திகள் அப்படியே இருந்தன. அவர் விரலால் தள்ளித் தள்ளி மேலே, மேலே, எல்லாவற்றுக்கும் முந்தின செய்திக்குப் போனார். காதில் வைக்கவில்லை. பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவே கைப்பேசியை வைத்து, சத்தமாகப் போட்டார்.

"யோவ், சாப்ட்டியா இல்லியா? டப்பாவுல கொழம்பு தனியா வெச்சிக்கீறேன், சோத்து மேல ஊத்தி எடுத்தாந்துடாத. கேக்குதா?"

அதற்குக் கீழே, அன்றைக்கு அவர் அனுப்பிய கட்டைவிரல் படம் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. பிறகு கைப்பேசியை எடுத்து வாயருகே பிடித்தார். திரையின் கீழ் மூலையில் இருந்த மைக் படத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"கேக்குதுமே," என்றார். "இன்னும் சாப்டல. ஏரிக்கரையில குந்திகினு கீறேன். தண்ணி ரொம்பிக் கீது…"

நான் எழுந்து பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டேன். அவர் விரலை எடுக்காமல் பேசிக்கொண்டே இருந்தார்.